நாலு சீட்டுக் குடும்பம்

"நேத்து நாற்பத்தோராயிரம்னு சொன்னீங்களே" என்றாள் அக்கா.

"நேத்து சொன்னேன் மேடம். இன்னிக்கு ஐம்பத்தெட்டாயிரம்" என்றார் டிராவல்ஸ்காரர்.

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். பேரம் படியாவிட்டால் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். கதவுப் பக்கம் நாலு எட்டு வைப்பதற்குள் விற்கிறவன் பின்னாலேயே ஓடி வருவான். ஆபரேஷன் மேசையிலிருந்து பினாயில் வரைக்கும் அவள் அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். இப்போதும் நாலு எட்டு வைத்தாள். டிராவல்ஸ்காரரும் ஓடித்தான் வந்தார். வந்து, அவளுக்காகக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, வெயில் ஜாஸ்தி, பார்த்துப் போங்க மேடம் என்றார்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஒரே ராத்திரியில் பதினேழாயிரம் ஏறுவதற்கு விமானத்தில் தங்கமுலாமா பூசினார்கள் என்று கேட்டாள். டிராவல்ஸ்காரர் பொறுமையான மனுஷர். விளக்கிச் சொன்னார். அந்த விமானத்தில் அவர் மொத்தமாகப் பேசி வாங்கி வைத்திருந்த மலிவு சீட்டில் நாலே நாலுதான் மிச்சம். அந்த நாலையும் நேற்றுச் சாயங்காலம் ஒரு குடும்பம் வந்து தங்களுக்கென்று நிறுத்தி வைத்துவிட்டது. இரண்டு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணம் கட்டாவிட்டால் சீட்டு தானாக விடுபட்டுவிடும். அதுவரை வெளிவிலைதான்.

"யாரு அந்தக் குடும்பம்?"

அவருக்கே தெரியாதாம். ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு கவுன்ட்டரில் இருப்பது ஒரு பெண். கம்ப்யூட்டரில் 'குடும்பம், நாலு பேர்' என்று மட்டும்தான் ஏறியிருக்கிறது. தெரிந்தாலும் ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது தொழில் தர்மமில்லை என்று சேர்த்துச் சொன்னார்.

அக்கா வெளியே வந்தாள். முன்பின் பார்த்திராத அந்த நாலு பேர் மேல் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது.

இங்கே அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கொட்டேஷன் அக்கா' என்று பேர். மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஒரு பஞ்சுச் சுருள்கூட வாங்கமாட்டாள். மூன்று விலையையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எது குறைவோ அதன் அடியில் சிவப்புக் கோடு போட்டு, இன்னொரு ஆளிடம் இரண்டாவது கையெழுத்து வாங்குவாள். ஒற்றை ஆளாக முடிவு பண்ணக் கூடாது என்பது அவள் பிரிவின் சட்டம். அதற்கப்புறமும் அன்றைக்கே வாங்கிவிட மாட்டாள். ஒரு ராத்திரி ஆறப்போட்டு, மறுநாள் காலையில்தான் ஆர்டர். இந்த முறையால் ஆஸ்பத்திரிக்கு அவள் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில் ஒரு வார்டே கட்டலாம் என்று பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அதிலிருந்து அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மின்விசிறி வாங்கினாலும் மூன்று விலை, ஒரு தாள், இரண்டாவது கையெழுத்து. வீட்டில் அந்த இரண்டாவது கையெழுத்து அவள் புருஷனுடையது.

அவர் கட்டடம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினெட்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காற்றில் லேசாக ஆடிக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுகிற மனுஷன். கூட வேலை செய்கிறவர்கள் 'ஆகாசம்' என்று கூப்பிடப் போய், தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு எடுத்ததிலிருந்து அக்காவைவிட ஆகாசம்தான் அதிகம் ஆடினார். குளிருக்குத் தடிமனாக ஒரு கோட்டு வாங்கினார். சரியாக இருக்கிறதா என்று அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போய், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். சக்கரம் வைத்த பெட்டி வாங்கி, அதைத் தெருவில் இழுத்துப் பார்த்தார். யார் என்னவென்று கேட்டாலும், கேட்காவிட்டாலும், மேகத்துக்கு மேலே பறக்கப் போகிறோம் என்று சொன்னார்.

இத்தனையும் அக்காவின் தங்கைக்காக. அம்மா போன பிறகு தலைவாரிப் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி அக்கா வளர்த்த பிள்ளை அது. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் லீவு கிடைக்கும். வந்துடுக்கா, சேர்ந்து பனி பார்க்கலாம், ரயிலில் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வருஷமும் டிக்கெட் விலை கைக்கு எட்டுவதும், வழுக்கிக்கொண்டு ஓடுவதுமாக இருந்து, கடைசியில் லீவே முடிந்துபோனது. இது மூன்றாவது வருஷம். போன மாதம் பேசும்போது தங்கை அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"டிக்கெட் எடுத்துட்டுக் கூப்பிடுக்கா. எடுக்க முடியலைன்னாலும் பரவாயில்லை. நான் இனிமே கேக்கமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டிராவல்ஸ்காரர் போன் பண்ணினார். அந்தக் குடும்பம் பணம் கட்டவில்லை, சீட்டு விடுபட்டுவிட்டது, விலை மறுபடியும் நாற்பத்தோராயிரம், உடனே வாருங்கள் என்றார். வேறு யாராவது இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்பார்கள். அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டாள்.

முதல் விலை இந்த டிராவல்ஸ். இரண்டாவது, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற இன்னொரு டிராவல்ஸ். மூன்றாவது, எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிற தம்பி தன் போனில் தேடிச் சொன்னது. டிராவல்ஸ்காரரிடம், இந்த விலை முப்பது நாளைக்குச் செல்லும் என்று முத்திரை போட்டு எழுதித் தாருங்கள் என்று வேறு கேட்டாள். முப்பது நிமிஷத்துக்கே தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார் அவர். உங்களுக்கெல்லாம் தொழில் சுத்தமில்லை என்று அக்கா அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஆகாசம் வந்ததும் தாளை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்று விலையையும் விரலால் தொட்டுப் படித்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா வாங்கிடு. இந்தத் தடவை விட்டுடாதே" என்றார்.

பிறகு வழக்கம்போல ஒரு நடை நடந்துவிட்டு வந்து படுத்தார். காலையில் அக்கா டிராவல்ஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றாள். அதே குடும்பம், அதே நாலு சீட்டு, அதே ஐம்பத்தெட்டாயிரம்.

அன்று சாயங்காலம் ஆகாசம் தானே காபி போட்டுக் கொடுத்தார். விடு, எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவருக்குத்தான் தன்னைவிட வருத்தம் போலிருக்கிறது என்று அக்காவுக்கு நெஞ்சு கரைந்துபோனது.

மூன்றாவது தடவையும் இதே மாதிரி ஆனபோது அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது என்று எக்ஸ்ரே தம்பி சொல்லியிருந்தான். அவன் எதையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு முழுசாகச் சொல்கிறவன். அக்கா அதை நம்பிவிட்டாள். போனை பீரோவில் போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். டிக்கெட் பேச்சு என்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான், அதுவும் புருஷன் காதோடுதான். தண்ணீர் வீணாகிறதே என்று ஆகாசம் கவலைப்பட்டார். இதனால் நடந்தது என்னவென்றால், சீட்டு விடுபட்டுவிட்டது என்று சொல்ல டிராவல்ஸ்காரர் ஏழு தடவை கூப்பிட்டும் போர்வைக்கு மட்டும்தான் கேட்டது. அக்கா போனை எடுத்துப் பார்க்கும்போது ஒன்றரை நாள் போயிருந்தது. அன்று சாயங்காலம் தாள் எழுதி, கையெழுத்து வாங்கி, காலையில் போனால், குடும்பம் முந்திக்கொண்டிருந்தது.

போன் இல்லையென்றால் பின்னே யார் என்று யோசித்தாள். அப்போதுதான் ஸ்டோர் சூப்பிரண்டு கண்ணில் பட்டார்.

அவர்தான் அக்காவின் மேலதிகாரி. ஸ்டோர், எக்ஸ்ரே அறை எல்லாருடைய லீவு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுகிறவர். அவரும் வெளிநாடு போகிற யோசனையில் இருந்தார். எப்ப எடுத்தா டிக்கெட் சல்லிசா கிடைக்கும் அக்கா என்று பத்து நாளில் மூன்று தடவை கேட்டார். அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். அக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரியாக நாலு பேர்.

அக்காவின் மண்டைக்குள் மணி அடித்தது. இவரைத் திசை திருப்பிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டி, மனசாட்சியை ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள். மாதத்தின் முதல் வாரத்தில் யாரும் பயணம் போகமாட்டார்கள், விமானம் காலியாகவே பறக்கும், விலை தரையில் கிடக்கும் என்றாள். எந்த மாதம் என்று கேட்டதற்கும் கூசாமல், தான் ஆறாம் தேதி கிளம்ப இருந்த அந்த மாதத்தையே சொன்னாள்.

சூப்பிரண்டு மறுநாளே நாலு டிக்கெட்டோடு வந்து நின்றார். பிள்ளைகள் கேட்ட ஏதோ ஒரு தீவுக்கு, வேறொரு டிராவல்ஸில். அக்கா கற்பனையாகச் சொன்ன தேதியில் உண்மையிலேயே விலை தரையில்தான் கிடந்ததாம். ரத்து பண்ண முடியாத டிக்கெட். உங்க வாயால ஒரு விஷயம் கேட்டா அது பொன்னுதான் அக்கா என்று நெகிழ்ந்துபோனார். அன்றைக்குக் காலையிலும் நாற்பத்தோராயிரம் ஐம்பத்தெட்டாயிரமாகத்தான் இருந்தது. ஆக, அந்தக் குடும்பம் இவர் குடும்பம் இல்லை.

தலையில் இடி விழுந்தது அதற்கப்புறம்தான். அந்த முதல் வாரத்தில்தான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கை எண்ணிச் சரிபார்ப்பார்கள். சூப்பிரண்டு இல்லாமல் எண்ண முடியாது. அதனால் அவர் திரும்பி வந்த பிறகு, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைக்கும் எண்ணுவதென்று தள்ளி வைத்தாகிவிட்டது. அக்கா இல்லாமலும் எண்ண முடியாது. ஆறாம் தேதி கிளம்புவதாக இருந்த அக்காவுக்குப் பதினேழாம் தேதியிலிருந்துதான் லீவு. தங்கையின் மூன்று வாரத்தில் அக்காவுக்கு மிஞ்சியது பத்து நாள்.

"அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு அக்கா. எக்ஸ்ரே தம்பியும் அதே தேதியைக் கேக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட்டைக் காட்டுங்க, உங்களுக்குப் போட்டுடறேன். இல்லைன்னா அவனுக்குக் குடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை" என்றார் சூப்பிரண்டு.

சொந்த வாயால் கெட்டதை யாரிடம் போய்ச் சொல்வது. அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

பதினேழாம் தேதி விமானத்திலும் டிராவல்ஸ்காரரிடம் நாலு மலிவு சீட்டு இருந்தது. நாற்பத்து மூவாயிரம். திங்கட்கிழமை தாள் தயாரானது, கையெழுத்தும் ஆனது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அந்தக் குடும்பமும் பதினேழாம் தேதிக்கு மாறியிருந்தது.

அக்கா அங்கிருந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு விலையை ஏற்றியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தவள் அவள். இப்போது மூக்கு அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. டிராவல்ஸ்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று மூக்கைச் சிந்துவது போல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"அவங்க சாயங்காலம்தான் வர்றாங்க. நான் தேதி மாத்தினதும் கூடவே மாறியிருக்காங்க, என்னைத் தெரிஞ்சவங்களாத்தான் இருக்கணும். நான் போய் நின்னா அடையாளம் கண்டுக்குவாங்க. நீங்க போய் ஒளிஞ்சு நின்னு யாருன்னு பார்த்துட்டு வாங்க."

ஆகாசம் முதலில் தயங்கினார். ஒருத்தரை ஒளிந்து பார்ப்பது மரியாதையா என்றார். அக்கா பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து விவரம் சொன்னார். ஆள் நல்ல வாட்டசாட்டம், மீசை பிரஷ் மாதிரி இருக்கிறது, கையில் காப்பு. பெண்டாட்டி வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போடுகிற ரகம். இரண்டு பிள்ளைகளில் சின்னது நாற்காலியில் ஏறிக் குதித்துக்கொண்டே இருந்தது. பார்த்தால் வம்பு பிடித்த குடும்பம் மாதிரித்தான் தெரிகிறது என்றார். பணத்தைக் கட்டித் தொலைக்காமல் ஏன் இப்படிப் பிடித்துப் பிடித்து விடுகிறார்கள் என்று அக்கா கேட்டதற்கு, அது அவங்க வீட்டுக் கஷ்டம் என்னவோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக்கு நானே போய் அந்த மீசைக்காரனிடம் பேசுகிறேன் என்றாள் அக்கா. ஆகாசம் பதறிவிட்டார். வேண்டவே வேண்டாம், அவன் முரடன், நீ ஒன்று சொல்ல அவன் ஒன்று சொல்லக் கைகலப்பாகிவிடும் என்று தடுத்தார்.

நேரில் பேச முடியாதென்றால் எழுத்தில் பேச வேண்டியதுதான். புதன்கிழமை மத்தியானம் அக்கா ஆபீஸில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். கை பழகிய பழக்கத்தில் ஆரம்பம் ஆபீஸ் கடிதமாகவே வந்தது. 'பொருள்: நாலு இருக்கைகளை விடுவித்தல், தொடர்பாக. பார்வை: தாங்கள் மேற்படி இருக்கைகளைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தது' என்று எழுதினாள். மூன்றாவது வரிக்கு மேல் ஆபீஸ் தமிழ் ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தாள். பிறகு மனசில் இருந்ததை அப்படியே எழுதினாள்.

'என் தங்கச்சியைப் பாத்துப் பதினோரு வருஷம் ஆகுது. பேருக்குத்தான் அக்கா, அவளுக்கு அம்மாவும் நான்தான். இந்தத் தடவையும் போகலைன்னா அவ இனிமே கூப்பிடமாட்டா. அவ கோவத்துல சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன், அமைதியாச் சொன்னா. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் குரல்தான் கேக்குது. என் வீட்டுக்காரர் ஆசையா இருக்கார், அவர் மனசு நோகுமேன்னு அவர்கிட்டகூட இதெல்லாம் சொன்னதில்லை. உங்களுக்கும் கூடப்பிறந்தவங்க இருப்பாங்க. ரெண்டு சீட்டு விட்டாப் போதும். மீதி ரெண்டை நீங்களே வெச்சுக்குங்க.'

உறையில் போட்டு ஒட்டி, அந்த மீசைக்காரர் கையில் நேராகக் கொடுத்து, படிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி ஆகாசத்திடம் கொடுத்தாள்.

அன்றைக்கு அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"குடுத்தீங்களா?"

"சேர்ந்துடுச்சு."

"படிச்சாரா?"

"படிச்சாச்சு. ரெண்டு தடவை."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சாச்சு."

அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றார். கல்நெஞ்சக்காரன், அவன் நன்றாக இருப்பானா என்று அக்கா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவன் வம்சத்தையும் விடவில்லை. ஆகாசம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலமும் அவர் வழக்கம்போல ஒரு நடை போய்விட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சூப்பிரண்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார். எக்ஸ்ரே தம்பி லீவு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமாகவே நடமாடிக்கொண்டிருந்தான். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாங்கலாம் என்ற நம்பிக்கையில் போகவில்லை. இல்லை என்று ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் தங்கைக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் போனாள்.

கவுன்ட்டரில் டிராவல்ஸ்காரர் இல்லை. பல்வலி என்று டாக்டரிடம் போயிருந்தார். சாயங்காலம் வருகிற பெண்ணை அன்றைக்கு மத்தியானமே வரச் சொல்லி உட்காரவைத்திருந்தார். அக்கா அந்தப் பெண்ணை அதுவரை பார்த்ததில்லை. தேதியைச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு பொத்தானைத் தட்டினாள்.

"இருக்கே மேடம். நாலு சீட்டு. நாற்பத்து மூணு."

அக்காவுக்கு அது காதில் விழுந்தாலும் மனசில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் குடும்பம் விட்டுவிட்டது. கல்நெஞ்சு கரைந்துவிட்டது. வம்சத்தை எல்லாம் திட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வழக்கப்படி கை பைக்குள் போய் வெள்ளைத் தாளைத் தேடியது. மூன்று விலை கேட்கவில்லை. கோடு போடவில்லை. இரண்டாவது கையெழுத்து இல்லை. அவர் இப்போது பதினெட்டாவது மாடியில் இருப்பார். ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். ஆறப்போட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அக்கா பைக்குள்ளிருந்து வெறுங்கையை எடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தை இப்போது செய்யப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"ரெண்டு சீட்டு போட்டுடும்மா. இப்பவே" என்றாள்.

ரத்து பண்ண முடியாது, தேதி மாற்ற முடியாது, பேர் மாற்ற முடியாது, பணம் ஒரு காசு திரும்பி வராது, சம்மதமா என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு மாதமாகப் பையிலேயே சுமந்துகொண்டிருந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டினாள். பணம் கட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்ன இரண்டு இடத்திலும் தானே போட்டாள். முத்திரை குத்திய தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்றுகொண்டு தங்கைக்குப் போன் போட்டாள்.

"எடுத்துட்டேன்" என்றாள்.

தங்கை, எத்தனை மணிக்கு வந்து இறங்குவே, நான் விடிஞ்சதும் வந்து நிக்கிறேன், கோட்டு வாங்கினியா, வாங்கலைன்னா விடு, என்னோடது ரெண்டு இருக்கு என்று மூச்சு விடாமல் பேசினாள். பழைய தங்கை. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பெண் நாகரிகமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் அக்காவுக்கு உலகத்தில் எல்லாரையும் பிடித்துப்போனது. சூப்பிரண்டு நல்லவர். எக்ஸ்ரே தம்பி பாவம், சின்னப்பிள்ளை. சாயங்காலம் புருஷன் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் மனுஷன் துள்ளிக் குதிக்கப்போகிறார் என்று நினைக்கும்போதே சந்தோஷமாக இருந்தது. கிளம்புவதற்கு முன் இன்னொருவருக்கும் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பெண் இரண்டாவது பாஸ்போர்ட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே அதை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

"அம்மாடி, இந்த நாலு சீட்டையும் பிடிச்சுப் பிடிச்சு வெச்சுட்டு விடுவாங்களே ஒரு குடும்பம், மீசைக்காரரும் பெண்டாட்டி பிள்ளைங்களுமா, அவங்க மறுபடி வந்தா நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லு. நல்ல மனசுக்காரங்க" என்றாள் அக்கா.

"குடும்பமா? இந்த ரெண்டாவது பாஸ்போர்ட்டுல இருக்காரே, இவர் ஒருத்தர்தான் மேடம் அந்த நாலு பேரும். மூணு வருஷமா சீட்டைப் பிடிச்சு வெச்சுட்டு, 'கிரேனை நான் ஓட்டுறேன், பிளேனை எவனோ ஓட்டுறானே, நெனச்சாலே வயித்தைக் கலக்குதும்மா'ன்னு இந்த நாற்காலியில உக்காந்து ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போவாரு. நேத்து சாயங்காலம்தான் வந்து, 'எல்லாத்தையும் விட்டுடும்மா, நடுங்கிக்கிட்டே போயிட்டு வந்துடறேன்'னாரு."